கடைசிக் கட்டம்

வாடகை மறுபடி ஏறிய மார்ச் மாதம்
நியெவெஸ் ஓர் அட்டவணை போட்டாள்.
ஊர், விலை, காடு, மழைநாள்,
ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்.
கடைசிக் கட்டத்துக்குத்தான் அலகு கிடைக்கவில்லை:
அவசரமில்லாத மனிதர்கள்.
அதைக் கிலோவில் அளப்பதா, மணியிலா?

பதினாறு வருஷமாய் மாட்ரிட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
அவசரத்தின் எடை எனக்குத் தெரியும்.
ஒன்பது பேருக்கான பெட்டியில் பதினொருவர் ஏறி
ஒரே பொத்தானை ஆளுக்கொரு முறை அழுத்துவார்கள்.
எங்கள் வீடு நாற்பத்திரண்டு சதுர மீட்டர்.
சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசியின் முதுகு.

சோரியா மலிவு, ஆனால் குளிர் எலும்பை எண்ணும்.
நவார்ரா காடு கண்ணை நிறைத்தது,
விலை வாயை அடைத்தது.
மிஞ்சியது கலீசியா, லூகோவுக்கு வடக்கே ஒரு சிற்றூர்.
பெயர் சொல்ல மாட்டேன்.
சொன்னால் விலை ஏறிவிடும்.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரே பச்சை.
'காடு: தொண்ணூறு விழுக்காடு' என்று எழுதியிருந்தாள்.
போய் இறங்கினால் யூகலிப்டஸ்,
காகித ஆலைக்குப் போக வரிசையில் நிற்கிறது.
ஒரு குருவிச் சத்தம் இல்லை.
காற்றில் இருமல் மருந்து வாசனை.
காரிலேயே உட்கார்ந்து அறுபதைக் கழித்தாள்.
மீதி முப்பது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது:
ஓக்கும் செஸ்நட்டும், முட்டி வரை பாசி,
மதியம் இரண்டு மணிக்கு மாலை ஆறு மணி வெளிச்சம்.
அங்கே அவள் எதையும் கணக்குப் போடவில்லை.

வீட்டுச் சாவி ஓப்துலியாவிடம்.
பாரும் இரும்புக்கடையும் ஒரே கூரையில் நடத்துகிறவள்.
'வீடு என்ன விலை?'
'யாருக்கு?'
'கூரை ஒழுகுமா?'
'மழை பெய்யும்போதா?'
'எப்போது பார்க்கலாம்?'
'இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?'
நியெவெஸ் சிரித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

காப்பி வர முப்பத்தைந்து நிமிடம்.
நடுவில் பசு கன்று போடுகிறது என்று
கடையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.
நான் ஒருவருக்கு அரைக் கிலோ ஆணி விற்றேன்.
பணம் அப்புறம் என்றார்.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

பதினெட்டாயிரம் யூரோ. காரணம் இல்லாமல் இல்லை.
வாரிசுகள் ஏழு பேர்.
மூவர் ஜெனீவாவில், இருவருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது,
ஒருத்தி புவனஸ் ஐரிஸில்,
ஒருவன் எங்கே என்று எவருக்கும் தெரியாது.
அடுப்படிச் சுவரில் பென்சிலால் உயரக் கோடுகள்.
ஒரு பிள்ளையின் கோடு
என் இடுப்பளவோடு நின்றிருந்தது.
'ஏழு கையெழுத்தும் எப்போது வரும்?'
'வராமல் எங்கே போகும்?'

அதுவரைக்கும் என்று, மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் மாடியை
மாதம் நூற்றிருபதுக்குக் கொடுத்தார்கள்.
இரண்டு மாடிக்கு மேல் எதுவும் எழும்பாத ஊரில்
லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை?
சுற்று வட்டாரத்துக்கே லிஃப்ட் ஒன்றுதான்,
சுகாதார நிலையத்தில்.
'ஜனவரியில் நின்றுவிட்டது' என்றார் அமாரோ.
'எந்த ஜனவரி?' என்றேன்.
என் வாயிலும் கேள்வி வந்ததைக் கவனித்து
அவர் தலையசைத்தார்.

கருகிய ஒரு ரிலே. பதினொரு யூரோ, இருபது நிமிடம்.
கதவு திறந்தது, மூடியது, திறந்தது.
யாரும் ஏறவில்லை.
படித்திருப்பத்தில் நின்று
முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்,
ஏறி முடிக்கும் எண்ணமே இல்லாமல்.

ஆஸ்பத்திரி ஐம்பத்தெட்டு நிமிடம்.
அந்தக் கட்டத்தை இருவருமே பார்ப்பதில்லை.
ராத்திரியில் நியெவெஸுக்கு நெஞ்சு எரிந்தால்
புளிப்பு ஒயினா வேறு எதுவுமா என்று
விடியும்வரை விழித்திருக்கிறேன்.

கையெழுத்து நான்கு வந்திருக்கிறது.

நேற்று அடைமழையில் ஒருவர் படியேறி வந்து
ஆணிக்கு மூன்று யூரோ என்று மேசையில் வைத்தார்.
ஏழு மாதம் ஆகிவிட்டதே என்றேன்.
வீட்டுக்காரர் அவர் என்பதுபோல
நாற்காலியை என் பக்கம் நகர்த்தி
உட்காருங்கள் என்றார்.